தொடாமல் அளக்கும் வெப்பம்

இந்திய நிலப்பரப்பில் இன்றும் உயிர்ப்புடன் விளங்கும் எரிமலை ஒன்றே ஒன்றுதான். அது அந்தமான் கடலில், போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாரன் தீவு ஆகும். போர்ட் பிளேர் 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ளது. தில்லி ஆர்.கே.புரத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் பாரன் தீவு சுமார் 2500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். ‘பாரன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தரிசு, விளைவற்றது என்பது பொருள். பெயருக்கேற்ப மக்கள் எவரும் அங்குக் குடியிருப்பதில்லை. எனினும் தீவு முற்றிலும் வெறுமையானதன்று. எரிமலையின் சீற்றத்துக்கு எட்டாத சரிவுகளில் காடு உண்டு. அக்காட்டில் காட்டாடுகளாக மாறிவிட்ட வெள்ளாடுகள் மேய்கின்றன.

தீவின் குறுக்களவு மூன்று கிலோமீட்டர் அளவே. கடல்மட்டத்துக்கு மேல் அதன் உயரமும் சுமார் 350 மீட்டர்தான். கண்ணுக்குத் தெரிவது மலையின் முடி மட்டுமே. அதன் அடிவாரம் கடலுக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் இருக்கிறது. பழைய மலையின் உச்சி இடிந்து அமைந்த வட்டச் சுவரும், அச்சுவரின் நடுவே புதிதாக எழுந்த கூம்பும் கொண்டது இத்தீவு. சுவரின் மேற்குப் பகுதி உடைந்து திறந்துள்ளது. கூம்பிலிருந்து வழியும் எரிகுழம்பு அவ்வழியாகவே கடலை அடைகிறது. ஒரு பக்கம் உடைந்த அண்டாவின் நடுவே அரிசியைக் குவித்து வைத்தாற்போன்ற தோற்றம் என்று இதனைக் கூறலாம்.

இத்தீவு எரிமலையின் சீற்றம் முதன்முதலில் 1787ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அது அடங்கியது. நூறாண்டுக்கும் மேல் அமைதி நிலவியதால், மலை அணைந்துவிட்டதோ என்றும் எண்ணத் தோன்றியது. 1991ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் அது மீண்டும் விழித்துக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் வரை குழம்பைக் கக்கியது. பின்னர் 1994–95இலும், 2005 முதல் பலமுறையும் சீறியது. 2025 செப்டம்பரிலும் சிறிய அளவில் சீறியது.

பகலில் புகை, இரவில் தீ

2017 ஜனவரி 23 அன்று, கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் அறிவியலாளர்கள் ‘சிந்து சங்கல்ப்’ என்னும் ஆய்வுக்கப்பலில் பாரன் தீவின் அருகே இருந்தனர். கடலடி மண்ணின் மாதிரிகளைத் திரட்டுவதே அவர்கள் மேற்கொண்டிருந்த பணி. எதிர்பாராத வகையில் மலை சாம்பலைக் கக்கத் தொடங்கியது. ஒவ்வொரு சீற்றமும் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் நீடித்தது. பகல் பொழுதில் அவர்களுக்குத் தெரிந்தது சாம்பல் மேகம் மட்டுமே. கதிரவன் மறைந்த பிறகுதான் மலைவாயிலிருந்து செந்நிறக் குழம்பு ஊற்றாகப் பாய்வதையும், சரிவில் வழிந்தோடுவதையும் அவர்கள் கண்டனர்.

பகலிலும் அக்குழம்பு அதே வெப்பத்துடன்தான் இருந்தது. பகல்வெளிச்சத்தின் மிகுதியில் அதன் செம்மை கண்ணுக்குப் புலப்படவில்லை. இங்குக் கருத வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. ஒரு பொருள் சுமார் 525 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் இருளில் மங்கலாகச் சிவக்கத் தொடங்கும். 1847ஆம் ஆண்டில் ஜான் டிரேப்பர் என்னும் அறிவியலாளர் இதனை ஆய்ந்து வெளியிட்டார். அதனினும் குறைந்த வெப்பமுடைய பாறை, 400 பாகையில் கொதித்தாலும், எவ்வளவு இருளானாலும், கண்ணுக்குக் கருமையாகவே தோன்றும். எரிமலையில் பெரும்பகுதி இத்தகைய கரும்பாறையே. மேலே கறுத்து இறுகிய ஓடு. உள்ளே 1000 பாகைக்கு மேற்பட்ட குழம்பு. காலை வைக்கலாமா, கூடாதா என்பதைக் கண் சொல்லாது.

அளவுகோலை அருகே கொண்டுசென்று அளப்பதும் எளிதன்று. உலோகக் கம்பிகளால் ஆன வெப்பமானியை நீண்ட கோலில் பொருத்திக் குழம்பில் செருகி அளக்கும் முறை உண்டு. நம்பத்தக்க அளவை அது தரும். ஆனால் அது ஓர் இடத்தின் அளவு மட்டுமே. அளப்பவர் குழம்பின் ஓரத்தில் நின்றாக வேண்டும். மலை சீறும் வேளையில் அங்கு நிற்க எவராலும் இயலாது.

தோசைக்கல் தரும் பாடம்

அடுப்பில் ஏற்றிய தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்பதை அறிய வீடுகளில் இரண்டு வழிகளைக் கையாள்வர். சிலர் நீரைத் தெளித்துப் பார்ப்பர். வேறு சிலர் கல்லைத் தொடாமல், அதன் மேலே உள்ளங்கையைக் காட்டிப் பார்ப்பர். கல் சிவக்கவில்லை, ஒளிரவும் இல்லை. ஆயினும் உள்ளங்கை சூட்டை உணர்கிறது. மேலெழும் சூடான காற்று அதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம், கல்லிலிருந்து புறப்படும் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள். அவை அகச்சிவப்புக் கதிர்கள் எனப்படும்.

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலறிஞர் இக்கதிர்களைக் கண்டறிந்தார். அவர் கதிரவ ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தி வண்ணப்பட்டையாகப் பிரித்தார். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்து அளந்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், எந்த ஒளியும் விழாத இடத்தில் இருந்த வெப்பமானியும் சூடேறியது. அங்கே ஒளி இல்லை. வெப்பம் மட்டும் இருந்தது. கண்ணுக்குப் புலனாகாத கதிர் ஒன்று உண்டு என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

வெப்பம் உள்ள எப்பொருளும் இக்கதிர்களை உமிழ்ந்துகொண்டே இருக்கிறது. மனித உடல், சுவர், பனிக்கட்டி ஆகிய எதுவும் இதற்கு விலக்கில்லை. பொருளின் வெப்பநிலை உயர உயர இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது, உமிழும் ஆற்றல் மிக விரைவாகப் பெருகுகிறது. கெல்வின் அளவில் வெப்பநிலை இரு மடங்கானால் ஆற்றல் பதினாறு மடங்காகும். இரண்டாவது, கதிரின் அலைநீளம் குறுகுகிறது. 27 பாகை செல்சியசு வெப்பமுள்ள தரை, 10 மைக்ரோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில் மிகுதியாக உமிழ்கிறது. 1100 பாகையைத் தாண்டிய எரிகுழம்போ 2 மைக்ரோமீட்டரை ஒட்டி மிகுதியாக உமிழ்கிறது. ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஆற்றல் வருகிறது என்பதை அளந்துவிட்டால், தொடாமலே வெப்பநிலையைக் கணக்கிட முடியும். வெப்பப் படிமக் கருவியின் அடிப்படை இதுவே. அக்கருவி சாதாரண ஒளிப்படக் கருவியைப் போலவே படம் பிடிக்கும். ஆனால் அப்படத்தின் ஒவ்வொரு புள்ளியும் நிறத்தைக் காட்டாமல் வெப்பநிலையைக் காட்டும். வண்ணங்கள் பின்னர் சேர்க்கப்படுபவையே.

கருவி ஏமாறும் இடங்கள்

வெப்பப் படிமம் ஓர் அழகிய படம். அதனால்தான் அதனை எளிதில் நம்பிவிடும் இடர் உண்டு.

காப்பி நிறைந்த எவர்சில்வர் டவராவைக் கருவியின் முன் வைத்தால், காப்பியின் மேற்பரப்பு சூடாகத் தெரியும். டவராவின் பளபளப்பான புறமோ அறையின் வெப்பநிலையை ஒட்டியே தெரியும். தொட்டால் விரல் சுடும். கருவியின் கணிப்பு ஏன் பிழைக்கிறது? பளபளப்பான உலோகம் தன் வெப்பத்தைக் கதிராக உமிழ்வதில் கஞ்சத்தனம் காட்டுகிறது. தன் எதிரே உள்ளவற்றின் கதிர்களைத் திருப்பி அனுப்புகிறது. கருவி காண்பது பெரும்பாலும் எதிரில் உள்ள சுவரின் வெப்பத்தையே. ஒரு பரப்பு கதிரை உமிழும் இயல்பை உமிழ்திறன் என்பர். மிகச் சிறந்த உமிழ்வுக்கு அதன் மதிப்பு 1. அடிப்பிடித்துக் கறுத்த பாத்திரம் அதற்கு அருகில் வரும்; தேய்த்துத் துலக்கிய பாத்திரம் மிகத் தாழ்ந்து நிற்கும். நல்வாய்ப்பாக, எரிமலைகளின் கருங்கற்பாறை உமிழ்திறன் மிக்கது. ஆகவே எரிமலையில் இச்சிக்கல் சிறிது. முற்றிலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது சிக்கல் கதிரவன். ஆர்.கே.புரம் 7ஆம் செக்டாரில் குன்றின்மீது அமைந்துள்ள உத்தர சுவாமிமலைக் கோயிலை, அதாவது மலை மந்திரை, அறியாத தில்லித் தமிழர் இரார். மே மாத நண்பகலில் அதன் கல்தளத்தில் வெறுங்காலுடன் நடப்பது எத்துணைக் கடினம் என்பது அங்குச் சென்றவர்க்குத் தெரியும். அதே கல் விடியற்காலையில் குளிர்ந்திருக்கும். எரிமலையின் கரும்பாறையும் அவ்வாறே வெயிலை உண்டு சூடேறுகிறது. நண்பகலில் எடுத்த வெப்பப் படிமத்தில் ஒரு பாறை 55 பாகை காட்டினால், அது உள்ளிருந்து வந்த வெப்பமா, வெயில் தந்த வெப்பமா என்று பிரித்தறிய இயலாது. ஆதலால், இயன்றவரை கதிரவன் எழுமுன் எடுத்த படிமங்களையே ஆய்வாளர்கள் விரும்புகின்றனர்.

மூன்றாவது சிக்கல் காற்று. காற்றில் உள்ள நீராவியும் கரியமிலவாயுவும் அகச்சிவப்புக் கதிர்களில் பலவற்றை விழுங்கிவிடுகின்றன. 3 முதல் 5 மைக்ரோமீட்டர் வரையும், 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையும் உள்ள கதிர்கள் மட்டும் ஓரளவு தடையின்றிக் கடந்து வருகின்றன. இவற்றை வளிமண்டலச் சாளரங்கள் என்பர். வெப்பப் படிமக் கருவிகள் பெரும்பாலும் இச்சாளரங்களின் வழியாகவே பார்க்கின்றன. ஆயினும் மலைவாயிலிருந்து அடர்ந்த நீராவியும் கந்தக டைஆக்சைடு வாயுவும் எழும்போது சாளரம் திரையிட்டது போல் ஆகிவிடும். அப்போது கருவி காட்டும் அளவு உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். எரிமலை மிக மும்முரமாக இயங்கும் வேளையில்தான் இத்திரையும் மிக அடர்த்தியாக இருக்கும் என்பது ஆய்வாளர்களுக்கு வாய்த்த சங்கடம்.

தெருக்களின் மேல் ஒரு வெப்ப வரைபடம்

வானிலிருந்து வெப்பத்தை அளக்கும் முறை மக்களுக்கு நேரடியாகப் பயன்பட்ட நிகழ்வுகளுள், ஹவாய்த் தீவில் 2018ஆம் ஆண்டு நிகழ்ந்த கீலவேயா எரிமலைச் சீற்றம் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு மே 3ஆம் நாள், லெய்லானி எஸ்டேட்ஸ் என்னும் குடியிருப்பின் தெருக்களில் தரை பிளந்தது. மலையுச்சியிலிருந்து பல கிலோமீட்டர் விலகி, வீடுகளுக்கு இடையே குழம்பு பீறிட்டது. அடுத்த வாரங்களில் இவ்வாறு 24 பிளவுகள் தோன்றின. எட்டாவது பிளவிலிருந்து பெருகிய குழம்பு ஆறாக ஓடிக் கடலில் கலந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன.

குழம்பு எந்தத் தெருவை எட்டியுள்ளது, எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தப் பிளவு ஆறுகிறது, எது மீண்டும் சூடேறுகிறது ஆகியவற்றை அன்றன்று அறிய வேண்டியிருந்தது. ஹவாய் எரிமலை ஆய்வகத்தினர் ஹெலிகாப்டரில் பறந்தனர். கையில் பிடித்த வெப்பப் படிமக் கருவியால், ஒன்றன்மேல் ஒன்று சற்றுக் கவியுமாறு நூற்றுக்கணக்கான படிமங்களை எடுத்தனர். பின்னர் அவற்றைக் கணினியால் ஒட்டி, ஊரின் தெரு வரைபடத்தின் மேல் பொருத்தி வெளியிட்டனர். கறுப்பு வெள்ளையில் அமைந்த அவ்வரைபடத்தில் வெளுப்பான இடம் மிகுந்த வெப்பத்தைக் குறிக்கும். வீட்டைவிட்டு வெளியேறிய ஒருவர், தம் தெருவின் பெயரைத் தேடி, அதன் மேல் வெண்மை படர்ந்துள்ளதா என்று பார்த்துக்கொள்ள முடிந்தது. அவ்வரைபடத்தில் வெப்பநிலை எண்கள் எவ்வளவு துல்லியம் என்பதைவிட, எல்லைக்கோடு எங்கே உள்ளது என்பதே அங்கு முதன்மை பெற்றது.

ஹெலிகாப்டரின் உயரத்துக்கும் படத்தின் தெளிவுக்கும் உள்ள தொடர்பை எளிதாகக் கணக்கிடலாம். கருவியின் பார்வைக் கோணம் 24 பாகை என்றும், படத்தின் அகலத்தில் 640 புள்ளிகள் உள்ளன என்றும் கொள்வோம். 1000 மீட்டர் உயரத்திலிருந்து நேர்கீழே பார்த்தால் தரையில் சுமார் 425 மீட்டர் அகலம் படத்தில் அடங்கும். 425ஐ 640ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 66 சென்டிமீட்டர் வரும். கைவிரல் நுழையும் அளவுள்ள ஒரு விரிசலில் குழம்பு ஒளிர்ந்தாலும், அப்புள்ளியில் விரிசலின் வெப்பமும் அதைச் சூழ்ந்த ஆறிய பாறையின் வெப்பமும் கலந்தே பதியும். 300 மீட்டருக்கு இறங்கினால் புள்ளி 20 சென்டிமீட்டராகச் சுருங்கும், தெளிவு கூடும், விமானிக்கு இடரும் கூடும்.

ஆளில்லா வானூர்திகளாகிய ட்ரோன்கள் இவ்விடரைக் குறைத்துள்ளன. அதே கீலவேயா சீற்றத்தில், மே மாத இறுதியில் ஓர் இரவு, குழம்பின் போக்கை ட்ரோன் கொண்டு படம்பிடித்துக்கொண்டிருந்த குழுவினர், புதிய குழம்பு ஒன்று குடியிருப்பை நோக்கி விரைவதைக் கண்டு அவசர உதவி மையத்துக்கு அறிவித்தனர். அப்பகுதியில் ஒருவர் இன்னும் வீட்டில் சிக்கியிருப்பது தெரியவந்தது. அவர் இருளில் வழி அறியாது திகைக்க, குழுவினர் ட்ரோனை அவரிடம் செலுத்தினர். அதன் விளக்கைப் பின்தொடர்ந்து நடந்த அவர், மீட்புக் குழுவினரிடம் வந்து சேர்ந்தார்.

ஆர்.கே.புரத்தின் மேல் ஒரு புள்ளி

ஹெலிகாப்டரோ ட்ரோனோ நாள்தோறும் சென்று பார்க்க முடியாத எரிமலைகளே உலகில் மிகுதி. ஆளில்லாத பாரன் தீவும் அவற்றுள் ஒன்று. அத்தகைய மலைகளுக்குச் செயற்கைக்கோள்களே காவலாளிகள்.

டெரா, அக்வா என்னும் இரு செயற்கைக்கோள்கள் மோடிஸ் என்ற கருவியைச் சுமந்து உலகைச் சுற்றுகின்றன. டெரா 1999இலும் அக்வா 2002இலும் ஏவப்பட்டன. மோடிசின் வெப்பப் படிமத்தில் ஒரு புள்ளி, தரையில் ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் கொண்ட பரப்பைக் குறிக்கும். ஆர்.கே.புரத்தின் மேல் அப்படி ஒரு புள்ளியை வைத்தால், அரசுக் குடியிருப்புகள், பள்ளிகள், சந்தை, சாலை எனப் பலவும் அதனுள் அடங்கிவிடும். அவை யாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் எண்தான் கிடைக்கும். இவ்வளவு பெரிய புள்ளியில், ஒரு வீட்டு முற்றம் அளவே உள்ள எரிகுழம்பை எவ்வாறு கண்டுபிடிப்பது?

விடை அலைநீளத்தில் இருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் என்பது பத்து இலட்சம் சதுர மீட்டர். அதில் 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட குழம்புக் குட்டை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அது மொத்தப் பரப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. குட்டையின் வெப்பநிலை 1027 பாகை. சுற்றியுள்ள தரையின் வெப்பநிலை 27 பாகை. 11 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் பார்த்தால், குழம்பு தரையைப் போல் ஏறத்தாழ 44 மடங்கு ஆற்றலை உமிழ்கிறது. ஆனால் அதன் பரப்பு பத்தாயிரத்தில் ஒன்று. ஆகவே புள்ளியின் மொத்த ஆற்றல் ஆயிரத்தில் நான்கு பங்கு அளவே கூடும். கருவி 27.3 பாகை என்று காட்டும். எவர்க்கும் ஐயம் எழாது.

4 மைக்ரோமீட்டரில் பார்த்தால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. அவ்வலைநீளத்தில் 27 பாகைத் தரை மிகச் சிறிதளவே உமிழ்கிறது. குழம்போ அதனைப் போல் பத்தாயிரம் மடங்குக்கு மேல் உமிழ்கிறது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு பரப்பும், பத்தாயிரம் மடங்கு உமிழ்வும் ஈடுகட்டிக்கொள்வதால், புள்ளியின் மொத்த ஆற்றல் இரு மடங்காகிவிடுகிறது. கருவி சுமார் 46 பாகை காட்டும். ஒரே இடம், ஒரே நேரம். ஒரு சாளரத்தில் 27, மற்றொன்றில் 46. இவ்வேறுபாடே அங்கே ஏதோ எரிகிறது என்பதற்குச் சான்று. வெயிலில் சூடேறிய பாறை இரவில் இரு சாளரங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டும் என்பதால், இரவு நேரத்தில் இம்முறை சிறப்பாகப் பயன்படுகிறது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தினர் இந்த ஒப்பீட்டைக் கணினிக்குக் கற்பித்து, உலகின் எரிமலைகளை எல்லாம் தானாகக் கண்காணிக்கும் ஏற்பாட்டை அமைத்தனர். பாரன் தீவில் 2005இலும் அதன் பின்னரும் நிகழ்ந்த சீற்றங்களின் வெப்பமும் இவ்வாறு பதிவாகியுள்ளது.

ஒரு செய்தியை இங்கு மறக்கலாகாது. செயற்கைக்கோள் காட்டிய 46 பாகை என்பது அங்குள்ள எந்தப் பொருளின் வெப்பநிலையும் அன்று. தரை 27, குழம்பு 1027, 46 பாகையில் அங்கு எதுவுமே இல்லை. எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அது எதன் கலவை என்று கேட்பவரே அதன் பொருளை அறிவர்.

பாரன் தீவைப் பொறுத்தவரை இம்முயற்சி மோடிசுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1991ஆம் ஆண்டுச் சீற்றத்தின்போது லேண்ட்சாட் செயற்கைக்கோள் இரவில் எடுத்த படிமங்களை இந்திய ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 1993இல் கட்டுரையாக வெளியிட்டனர். லேண்ட்சாட்டின் குறு அலைநீள அகச்சிவப்புப் படிமத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர் மட்டுமே. பகலில் அவ்வலைநீளத்தில் கதிரவ ஒளியின் எதிரொளிப்பே மேலோங்கி நிற்கும். இரவில் எதிரொளிக்க ஒளியே இல்லை. ஆகவே கருவியில் பதியும் ஒவ்வொரு சிறு வெளிச்சமும் சூடான பாறையிலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும். சிந்து சங்கல்ப் கப்பலில் இருந்தோர் இரவில் கண்ட அதே உண்மையை, 705 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு கருவி அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே பயன்படுத்தியது.

இந்தியாவின் இன்சாட்-3டி வரிசைச் செயற்கைக்கோள்களிலும் 3.9 மைக்ரோமீட்டர் சாளரம் உண்டு. அவை அனுப்பும் படிமங்கள் தில்லி லோதி சாலையில் உள்ள இந்திய வானிலைத் துறை வளாகத்தில் பெறப்பட்டுச் செப்பம் செய்யப்படுகின்றன. ஆர்.கே.புரத்திலிருந்து பேருந்தில் எட்டக்கூடிய தொலைவுதான் அது. ஆயினும் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால் அவற்றின் வெப்பப் படிமப் புள்ளி நான்கு கிலோமீட்டர் அகலமுடையது. பாரன் தீவு முழுவதும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். நுணுக்கம் இல்லை, மாறாக, அரைமணிக்கு ஒருமுறை படிமம் கிடைக்கும். நுணுக்கம் வேண்டுவோர் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். விரைவு வேண்டுவோர் மங்கலான படத்தை ஏற்க வேண்டும். இரண்டையும் ஒருங்கே தரும் கருவி இன்னும் வாய்க்கவில்லை.

வெப்பம் சொல்வதும் சொல்லாததும்

எவரும் வாழாத தீவின் வெப்பத்தை ஏன் இவ்வளவு முயன்று அளக்க வேண்டும் என்னும் வினா எழுவது இயல்பே. அதற்கு முதல் விடை வானில் உள்ளது. எரிமலைச் சாம்பல் என்பது விறகுச் சாம்பல் போன்ற மென்தூள் அன்று. நொறுங்கிய பாறையும் கண்ணாடியும் கலந்த துகள். 1982 ஜூன் 24 அன்று, ஜாவாத் தீவின் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் நுழைந்த பெரிய பயணியர் விமானம் ஒன்றின் நான்கு எந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. விமானம் எந்திரமின்றிக் கீழிறங்கியது. சாம்பலை விட்டு விலகிய பின் எந்திரங்கள் மீண்டும் இயங்க, ஜகார்த்தாவில் பாதுகாப்பாக இறங்கியது. அதன் பின்னர் எரிமலைச் சாம்பல் குறித்து எச்சரிக்கும் மையங்கள் உலகெங்கும் அமைக்கப்பட்டன. பாரன் தீவின் சாம்பலைப் பற்றி விமானங்களை எச்சரிப்பது ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் உள்ள மையம்.

இரண்டாவது விடை கடலில் உள்ளது. பாரன் தீவு எந்தப் பூமித்தட்டு வளைவில் அமைந்துள்ளதோ, அதன் தெற்குத் தொடர்ச்சியில்தான் சுமத்ராவும் ஜாவாவும் உள்ளன. அவற்றின் இடையே கடலில் நிற்பது அனாக் கிரகடோவா. 2018 டிசம்பர் 22 இரவு, அம்மலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. எழுந்த ஆழிப்பேரலை நானூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தையும் கடலூரையும் கன்னியாகுமரியையும் தாக்கிய பேரலை நிலநடுக்கத்தால் எழுந்தது. அதன் பின்னர் அமைக்கப்பட்ட எச்சரிக்கை ஏற்பாடுகள் நிலநடுக்கத்தையே முதற்சான்றாகக் கொண்டவை. அனாக் கிரகடோவாவில் அத்தகைய பெருநடுக்கம் இல்லை. கரையோர மக்கள் எச்சரிக்கை இன்றியே அலையைச் சந்தித்தனர்.

பின்னர் ஆய்வாளர்கள் பழைய செயற்கைக்கோள் பதிவுகளைத் திரும்பிப் பார்த்தனர். சரிவுக்கு முந்தைய மாதங்களில் மலையின் வெப்ப உமிழ்வு வழக்கத்தைவிட மிகுந்திருந்தது. மலையின் சரிவும் சிறிது சிறிதாகக் கடலை நோக்கி நகர்ந்திருந்தது. இரு செய்திகளும் பதிவேடுகளில் இருந்தன. ஆயினும் வெப்பத்தை மட்டும் கண்டு, ‘மலை சரியப் போகிறது’ என்று எவரும் கூறியிருக்க முடியாது. மிகுந்த வெப்பம் காட்டும் மலைகள் பெரும்பாலும் சரிவதில்லை. குழம்பைக் கக்கிவிட்டு ஆறிவிடுகின்றன. வெப்பம் பல சான்றுகளுள் ஒன்று. தரையின் நகர்வு, வாயுவின் அளவு, சிறு நடுக்கங்கள் ஆகியவற்றோடு சேர்த்துப் படித்தால்தான் அது பேசும்.

இத்தாலியின் ஸ்ட்ராம்போலித் தீவில் 2002 டிசம்பரில் மலைச்சரிவு ஒன்று கடலில் விழுந்து அலையை எழுப்பியது. அங்கு ஆய்வாளர்கள் அதன் பின் ஹெலிகாப்டரில் தொடர்ந்து பறந்து, வெப்பப் படிமங்களில் குழம்பின் பாதையையும் சூடான விரிசல்களையும் கண்காணித்தனர். ஆறிய பாறையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல், உள்ளிருந்து சூடான வாயு கசியும்போது வெப்பப் படிமத்தில் ஒளிக்கோடாகத் தெரியும். இன்று அத்தீவில் நிலையான வெப்பப் படிமக் கருவிகளும் பொருத்தப்பட்டு இரவும் பகலும் மலைவாயை நோக்கி நிற்கின்றன.

சொல்லும் பொருளும்

எரிகுழம்பு – எரிமலையிலிருந்து வெளிப்படும் உருகிய பாறை
உமிழ்திறன் – ஒரு பரப்பு வெப்பக்கதிரை வெளியிடும் இயல்பு
படிமம் – கருவி பதிவு செய்யும் உருவம்
முப்பட்டகம் – ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கண்ணாடிக் கட்டி
மும்முரம் – தீவிரம்
சாளரம் – பலகணி, சன்னல்
இரார் – இருக்கமாட்டார்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. பாரன் தீவின் எரிகுழம்பு மேற்குப் பக்கமாகவே கடலை அடைவது ஏன்?
2. சூடான காப்பி உள்ள எவர்சில்வர் டவராவின் வெப்பத்தைக் கருவி குறைத்துக் காட்டுவது ஏன்?
3. வெப்பப் படிமங்களைக் கதிரவன் எழுமுன் எடுக்க ஆய்வாளர்கள் விரும்புவதன் காரணத்தை, மலை மந்திர்க் கல்தளத்தின் எடுத்துக்காட்டோடு விளக்குக.
4. ‘46 பாகையில் அங்கு எதுவுமே இல்லை’ – இத்தொடரின் பொருளை ஐந்து வரிகளில் எழுதுக.

ஆ. கணக்கிடுக.
பாடத்தில் கூறிய அதே கருவியைக் கொண்டு 500 மீட்டர் உயரத்திலிருந்து படம் எடுத்தால், ஒரு புள்ளி தரையில் எத்தனை சென்டிமீட்டரைக் குறிக்கும்?

இ. பிரித்து எழுதுக.
வெண்மை, எதிரொளிப்பு, கல்தளம், பேரலை, கரும்பாறை

ஈ. வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.
வெப்பமானி இல்லாமல் சூட்டை அறிய உங்கள் ஊரில் கையாளும் வழிகள் யாவை? (பால் காய்ச்சுதல், எண்ணெய் காய்தல், குழந்தையைக் குளிப்பாட்டும் நீர் போன்றவை.) அவற்றுள் தொட்டு அறிபவை எவை, தொடாமல் அறிபவை எவை?